கொங்கிறீட் போட முதல்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

நலம், நாடுவதும் அதுவே. கடிதம் கிடைத்தது. அம்மா இப்போது பொல்லு இல்லாமலே நடக்கிறா என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். இங்கே கச்சான் காற்று காந்துகிறது. பகலில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது, பொழுதுபட்டால் அதைவிட்டு இறங்க மனம் வராது.

மகளுக்கென்று மேல்வீடு எடுக்கிறாய், அடுத்த கிழமை சிலாப் என்று எழுதியிருந்தாய். மாடிக்கு லைட், பிளக் எல்லாம் வீடு முடிந்த பிறகு பார்க்கலாம் என்று மேசன் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இன்றைக்கே பதில் எழுதுகிறேன். மறுகா பார்ப்போம் என்று விட்டுவிடாதே மச்சான். நான் அப்படித்தான் விட்டேன்.

குடிபுகுந்த பிறகுதான் மேலே ஒரு பிளக் தேவைப்பட்டது. சிலாப்புக்குள் பைப் இல்லை. வெளிச்சுவரோடு பைப் அடித்து வயரைக் கொண்டுபோய், வீட்டுக்குள் பாவிக்கிற சாதாரணப் பெட்டியைத் தரையோடு ஒட்டிப் பூட்டினோம். சில வருச வெயிலில் அந்தப் பைப் மஞ்சளாகி, விரலால் அழுத்தினாலே நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. பிறகு ஒரு மார்கழி மழை இரவில் முழு வீடும் இருண்டது. கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற டிரிப் சுவிட்ச்சைத் தூக்கத் தூக்க விழுந்தது. விடிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பித்தளை முனைகளில் பச்சை பூத்திருந்தது. ஒரு மூலையில் எறும்பு மண் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. பெட்டிக்கு அடியில் ஒரு விரல் தண்ணீர். முதல் நாள் பின்னேரம் என் மகள் அந்த இடத்தில்தான் ஈரக் காலோடு நின்று உடுப்பு எடுத்தவள். நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

அதனால், கம்பி கட்டி முடிந்ததும் கொங்கிறீட் ஊற்ற முதல் உன் எலக்ட்ரிசியனை ஒரு நாள் கட்டாயம் கூப்பிடு. கீழ்க் கம்பிக்கும் மேல்க் கம்பிக்கும் இடையில் பைப்பைப் படுக்க வைத்துக் கட்டச் சொல். பைப் வாய்களை டேப்பால் இறுக்கி மூடவேண்டும். இல்லாவிட்டால் சீமெந்துப் பால் உள்ளே போய் இறுகிவிடும், பிறகு வயர் கோர்க்கவே முடியாது. இன்னொன்று, சோலார் போடுகிற எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் மெயின் போர்ட் வரைக்கும் கொஞ்சம் பெரிய வெறும் பைப் ஒன்று விட்டுவை. இன்றைக்கு அதற்குப் பெரிய செலவு வராது.

பிளக் எத்தனை என்று கேட்டிருந்தாய். மூன்று போதும் என்பது என் கணக்கு. தண்ணீர்த் தாங்கிப் பக்கம் ஒன்று, படி ஏறும் இடத்தில் ஒன்று, பாய் விரிக்கிற மூலையில் ஒன்று. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது நாங்கள் எல்லோரும் மேலேதான் படுத்தோம். உங்கள் காரைதீவில் கண்ணகி அம்மன் சடங்குக்குச் சனம் வந்தால் உன் வீட்டிலும் மேலேதான் பாய் விரிப்பாய். அந்த மூலைக்கு ஒரு ஃபேன் பிளக் இல்லாமல் சரிவராது. பிளக்குகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமல் வை. ஸ்பிரிங் மூடி உள்ள, மழை தாங்கும் பெட்டி வாங்கு; பெட்டியில் ஐபி 65 என்று எழுதியிருக்கும். 6 தூசிக்கு, 5 பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கு. ஆனால் பிளக்கைச் செருகி மூடி திறந்து நிற்கும்போது அந்தக் காவல் இல்லை என்பதையும் மனதில் வை. வயர் பெட்டிக்குள் கீழ்ப் பக்கத்தால் ஏறட்டும். மேலால் விட்டால் மழைத்தண்ணி வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிடும்.

மாடிக்கென்று 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழுகிற டிரிப் ஒன்றைத் தனியாகக் கேள். வீட்டு டிரிப்புக்குக் கீழே போடாமல், அதற்கு முன்னாலேயே பிரிக்கச் சொல். அப்போதுதான் மேலே ஈரம் இறங்கினாலும் கீழே ஃபிரிட்ஜ் ஓடும். எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லவும் மறக்காதே.

லைட் விசயத்தில் உன்னோடு எனக்கு உடன்பாடில்லை. நடுவில் கம்பம் நட்டு 50 வாட் ஃப்ளட் லைட் போடப்போகிறேன் என்கிறாய். வேண்டாம். கண்ணில் அடிக்கும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, முதல் மழைக்கு ஊர் ஈசல் எல்லாம் உன் சோற்றுக் கோப்பையில் விழும். கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில், முழங்கால் உயரத்தில், தரையைப் பார்க்கிற சின்ன லைட்டுகள் போடு. 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் என்று கேட்டு வாங்கு, பூச்சி குறைவாக வரும். படிக்கு ஒன்று தனியாக, மேலும் கீழும் டூவே சுவிட்ச்சோடு. அம்மா ஏறி இறங்குகிற படி அல்லவா. திருகாணி எல்லாம் 316 ஸ்டெயின்லஸ் என்று கேட்டு எடு. சாதாரண இரும்பு ஆணி உப்புக் காற்றில் ஒரு மாரி தாண்டாது.

கடல் பக்கச் சுவரில் மட்டும் லைட்டே வேண்டாம் என்பது என் மன்றாட்டம். ஆமைக் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வந்ததும் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பித்தான் ஓடும். நம் வீட்டு வெளிச்சத்தால் அது றோட்டுப் பக்கம் திரும்பிவிடக் கூடாது. எனக்கும் அந்தப் பக்கம் இருட்டாக இருப்பதுதான் விருப்பம். நேற்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன், தூரத்தில் தோணி லைட்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பௌர்ணமிப் போயா அன்று நாம் இரண்டு பேரும் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் இருந்து, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து மீன் பாட்டுக் கேட்டது ஞாபகம் வந்தது.

சிலாப் போடுகிற நாளை உடனே அறிவி. முதல் நாள் பின்னேரமே பஸ் ஏறி வந்துவிடுகிறேன், பைப் வாய்களை இரண்டு பேருமாக ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தங்கச்சியிடம் சொல், இரவுச் சாப்பாட்டுக்கு மீன் நான் கொண்டுவருவேன்.

அன்புடன்,
உன் மச்சான்