போர்டில் எழுதிப்போட்ட சுருள்வில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் 29 ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பதினோராம் வகுப்புச் செய்முறைகளில் ஒன்றைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன மாதம் என் பேத்தி ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டுத் தரச் சொன்னாள். போடும்போது புரட்டினேன். சுருள்வில் மாறிலியை, அதாவது ஸ்பிரிங்கை ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதை, எடையைத் தொங்கவிட்டு ஆட்டிக் காணும் சோதனையில் மூன்று வரிசை அளவீடுகள் இருந்தன. மூன்றுக்கும் விடை ஒன்றே, தசமம் உட்பட. இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளைக்கும் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. கேட்டதற்கு, "நாங்க ஸ்பிரிங்கைத் தொடவே இல்ல தாத்தா, போர்டுல எழுதிப் போட்டாங்க" என்றாள். பள்ளியின் பெயர் வேண்டாம். விடையை முதலில் வைத்துக்கொண்டு அலைவு நேரத்தை (ஒரு முறை மேலும் கீழும் ஆடி முடிக்கும் நேரத்தை) பின்னோக்கிக் கணக்குப் போடும் வழக்கம் அந்த ஒரு பள்ளியில் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அன்றைக்கே பரணிலிருந்து தொட்டில் ஸ்பிரிங்கை இறக்கினேன். கூடத்து விட்டத்துக் கொக்கியில் மாட்டி, துணிப்பையில் 5 கிலோ அரிசிப் பாக்கெட் ஒன்றை வைத்துத் தொங்கவிட்டோம். பேத்தி லேசாகக் கீழே இழுத்து விட்டாள். 20 அலைவுக்கு 14.7 விநாடி. இன்னொரு பாக்கெட்டையும் சேர்த்து 10 கிலோ ஆக்கியபோது 20.4 விநாடி. ஒவ்வொன்றையும் மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்த்தோம். அதிர்வெண்ணாகச் சொன்னால், முதலில் விநாடிக்கு 1.36, அப்புறம் 0.98.

நிறையை அதிர்வெண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, அதை நான்கு பை ஸ்கொயரால் (4π²) பெருக்கினால் மாறிலி வரும். 5 கிலோவுக்கு 365 நியூட்டன்/மீட்டர் வந்தது, 10 கிலோவுக்கு 379. பேத்தி முகம் வாடிவிட்டது. "ஒரே ஸ்பிரிங்தானே தாத்தா, ஏன் ரெண்டு விடை?" இந்தக் கேள்விக்காகத்தான் அந்தச் சோதனையே இருக்கிறது! ஆடுவது அரிசி மட்டும் இல்லை. பையும் ஆடுகிறது, ஸ்பிரிங்கும் ஆடுகிறது. ஸ்பிரிங்கின் மேல்முனை அசையாது, கீழ்முனை முழுதாக ஆடும். அதனால் அதன் நிறையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கணக்கில் சேர்ந்துவிடும். பாடப்புத்தகத்தின் சூத்திரத்தில் இரண்டு நிறைகளின் வித்தியாசத்தை அலைவு நேர வர்க்கங்களின் வித்தியாசத்தால் வகுத்து 4π²-ஆல் பெருக்கச் சொல்வது இதற்காகத்தான். இரண்டிலும் பொதுவாக இருக்கும் பையும் ஸ்பிரிங்கும் கழிந்து போய்விடும். அப்படிப் போட்டதில் 395 வந்தது.

அந்த 395-ஐ வைத்துத் திரும்பக் கணக்கிட்டால் அரிசியைத் தவிர 405 கிராம் ஆடியிருக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஸ்பிரிங் 650 கிராம், அதில் மூன்றில் ஒரு பங்கு 217. பையும் அதை ஸ்பிரிங்கில் மாட்டிய கொக்கியும் 160. ஆக 377 கிராம். கடிகாரத்தை அமுக்குவதில் பத்தில் ஒரு விநாடி தவறினாலே அந்த 405 நூறு கிராமுக்கு மேல் மாறிவிடும், அதனால் இவ்வளவு நெருங்கி வந்ததில் அதிர்ஷ்டமும் உண்டு என்று அவளிடம் சொன்னேன். தையல் டேப்பிலும் அளந்தோம். இரண்டாவது பாக்கெட் ஏறியதும் 12.5 சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கியது. 5 கிலோவின் எடையான 49 நியூட்டனை அந்த 0.125 மீட்டரால் வகுத்தால் 392. அவள் துள்ளிக் குதித்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆய்வகத்தில் பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். கையை விட்டதுமே "ஒன்று" என்று எண்ணுவார்கள். பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் 19 அலைவை 20 என்று எழுதி, மாறிலி 11 சதவீதம் கூடிவிடும். உச்சியில் எண்ணாமல், நடுவில் வேகமாகக் கடக்கும் இடத்தில் ஒரு குண்டூசியை அடையாளமாக வைத்து எண்ண வேண்டும். சில எடைகளுக்கு ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடுவதை விட்டுவிட்டு ஊசல் மாதிரி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மேல்கீழ் அதிர்வெண் பக்கவாட்டு அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்காக அமையும்போது இப்படி நடக்கும். பிள்ளைகள் தாங்கள் ஏதோ கெடுத்துவிட்டதாகப் பயப்படுவார்கள். எடையைக் கொஞ்சம் மாற்றினால் சரியாகிவிடும். இதையெல்லாம் போர்டில் எழுதிப்போட முடியுமா?

இதனால் என்ன பயன் என்று கேட்கும் பிள்ளைக்கு ஒன்று சொல்வேன். 1973-ல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் உடல் நிறையை இப்படித்தான் அளந்தார்கள். அங்கே தராசு வேலை செய்யாது. ஸ்பிரிங் பொருத்திய இருக்கையில் உட்கார்ந்து ஆடி, அலைவு நேரத்திலிருந்து நிறையைக் கண்டுபிடித்தார்கள். நம் சோதனையில் நிறை தெரியும், மாறிலி தெரியாது. அவர்களுக்கு மாறிலி தெரியும், நிறை தெரியாது.

செய்முறைக்கு 20 மதிப்பெண் போய்விடுமே என்று ஆசிரியர்கள் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. வகுப்பில் அறுபது பேர், ஸ்பிரிங் நான்கு என்றால் சிரமம்தான். ஆனால் ஐந்து ஐந்து பேராக முறைபோட்டு விட்டால் ஒரு குழுவுக்கு இருபது நிமிடம் போதும், நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒரே நேரத்தில் செய்யும் குழுக்களுக்கு வேறு வேறு ஸ்பிரிங் கொடுங்கள். மாறிலியை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். 365, 379 என்று மாறி வந்த விடைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், ஏன் மாறியது என்று கேளுங்கள்.

தொட்டில் ஸ்பிரிங் இனி எங்கள் வீட்டில் பரணில்தான் கிடக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளி எதுவும் கேட்டால் கொடுத்துவிடுகிறேன், பேத்தியும் சம்மதித்துவிட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
மன்னார்குடி.