மியான்மர் தூதரின் பேச்சைத் தமிழில் வெளியிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மியான்மர் தேர்தல் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். ராணுவ ஆட்சி விலகி ஜனநாயகம் திரும்ப இது முதல் படி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2020 நவம்பரில் மக்கள் ஜெயிக்க வைத்த ஜனநாயகத்துக்கான தேசிய லீக் கட்சியை 2023-ல் கலைத்தாகிவிட்டது. அதன் தலைவர் ஆங் சான் சூச்சி தேர்தலின்போது காவலில். சண்டை நடக்கும் ஊர்களில் பல இடங்களில் ஓட்டுப்பதிவே நடக்கவில்லை. 2025 டிசம்பர் 28-ல் இப்படித் தொடங்கிய ஒன்றை அந்த மக்களின் தீர்ப்பாக எப்படி எடுத்துக்கொள்வது?

அந்த நாட்டின் ஜனநாயகம் பற்றிப் பேசும்போது, 2021 பிப்ரவரி 26-ல் ஐ.நா. பொதுச் சபையில் சியாவ் மோ துன் ஆற்றிய உரையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். அவர் ஐ.நா.வுக்கான மியான்மர் தூதர். சூச்சி கட்சியின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்கும் அதிகாரி, ஊரில் யார் கையில் துப்பாக்கி இருக்கிறதோ அவர்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவரோ, மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் சார்பில்தான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, ராணுவத்துக்கு எதிராக நடவடிக்கை எடுங்கள் என்று உலக நாடுகளைக் கேட்டார். கடைசியில் ஆங்கிலத்தை விட்டு பர்மிய மொழிக்கு மாறினார், குரல் தழுதழுத்தது. முடிக்கும்போது, ராணுவத்தை எதிர்த்துத் தெருவில் இளைஞர்கள் காட்டிய அதே மூன்று விரலை உயர்த்தினார்.

மறுநாளே பதவி பறிபோனது. தேசத்துக்குத் துரோகம் செய்தவர் என்று அரசுத் தொலைக்காட்சி அறிவித்தது. அவர் இடத்தில் நியமிக்கப்பட்ட துணைத் தூதரோ பதவியை ஏற்காமல் ராஜினாமா செய்துவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், இவரைத் தாக்கவோ கொல்லவோ சதி செய்ததாக அமெரிக்காவில் இரண்டு பேர் கைதானார்கள். ஒரு நாட்டின் பிரதிநிதி யார் என்று பார்க்கும் ஐ.நா.வின் சான்றுக் குழுவும் முடிவெடுப்பதை ஆண்டுக்கு ஆண்டு தள்ளிவைத்ததால், ராணுவம் அனுப்ப நினைத்த ஆளுக்கு அந்த இருக்கை கிடைக்கவில்லை, இவரே தொடர்ந்தார். 2020-ல் விழுந்த ஓட்டுக்கு உலக அரங்கில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.

அந்த ஓட்டும் சாதாரணமானதல்ல. நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் சேர்த்துப் போட்டி நடந்த 476 இடங்களில் 396 சூச்சியின் கட்சிக்கு, 33 ராணுவ ஆதரவுக் கட்சிக்கு. ஆனால் 2008 அரசியல் சட்டம் கால்வாசி இடங்களை ராணுவத்துக்கே ஒதுக்கியிருந்தது. சட்டத்தைத் திருத்த முக்கால்வாசிக்கு மேல் ஆதரவு வேண்டும். அதாவது தளபதிகள் சம்மதிக்காமல் ஒரு வரியையும் மாற்ற முடியாது. உள்துறை, பாதுகாப்பு, எல்லை விவகாரம் மூன்றும் அவர்கள் கையில். ஜனநாயகத்தை நோக்கிய மாற்றம் 2021-ல் திடீரென்று முறிந்துவிடவில்லை. முறிக்கும் வழியை முதலிலேயே சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

இந்தியாவைப் பற்றித் தலையங்கம் பட்டும் படாமல் பேசுகிறது. 2021 ஜூனில் பொதுச் சபை 119 ஓட்டுகளோடு நிறைவேற்றிய கண்டனத் தீர்மானத்தில் நாம் நடுநிலை வகித்தோம். 2022 டிசம்பரில் பாதுகாப்புச் சபையிலும் அப்படியே. 1,643 கிலோமீட்டர் எல்லை, தீவிரவாதக் குழுக்கள், சீனா என்று காரணங்கள் உண்டு. அவற்றைத் தள்ளிவிட முடியாது. ஆனால் மியான்மர் வழியாக மிசோரத்துக்குப் பாதை அமைக்கும் நமது கலாதான் திட்டத்தில் வரும் பாலெத்வா நகரம், 2024 ஜனவரியில் ராணுவத்தோடு போரிடும் அரக்கான் படையின் கைக்குப் போய்விட்டது. அப்புறம் தலைநகர் நேபிடாவில் இருக்கும் தளபதிகளிடம் மட்டும் பேசி அந்தச் சாலை எப்படி வரும்? மிசோரம் மக்கள் அடைக்கலம் கொடுத்த மியான்மரின் சின் இனத்து அகதிகள் ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பவும் அந்தப் பேச்சு மட்டும் உதவாது. ராணுவத்துக்கு எதிராக ஜனநாயகத் தரப்பினர் அமைத்த தேசிய ஒற்றுமை அரசோடும் எல்லைப் பகுதி இனக்குழுக்களோடும் டெல்லி வெளிப்படையாகப் பேச வேண்டும்.

சூச்சியின் ஆட்சி ரோஹிங்கியாக்களுக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. 2019-ல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில், அம்மக்களை இனப்படுகொலை செய்ததாக வந்த வழக்கில் அவரே ராணுவத்தின் பக்கம் நின்றார். அது பெரிய அநீதி. தேசிய ஒற்றுமை அரசு 2021 ஜூனில் அம்மக்களுக்குக் குடியுரிமை தருவதாக வாக்களித்தது. அந்த வாக்கைக் காப்பாற்றும்படி கேட்கவும் பேச்சுவார்த்தை தேவை.

எங்கள் குடும்பம் 1964-ல் ரங்கூனிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்தது. நே வின் ராணுவ ஆட்சி கடைகளை அரசுடைமையாக்கியபோது தாத்தாவின் கடையும் போனது. இப்படி வந்தவர்களின் வீடுகளில் மியான்மர் செய்தி என்றால் இன்றும் கவனமாகப் படிப்போம்.

அதனால் ஒரு வேண்டுகோள். சியாவ் மோ துன்னின் உரையை முழுமையாகத் தமிழில் வெளியிடுங்கள். கடைசியில் பர்மிய மொழியில் அவர் பேசிய பகுதியை நேரடியாக மொழிபெயர்க்க எங்கள் பகுதியிலேயே பெரியவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு செய்து தருவார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை.