அடித்தால் அடங்குகிறார்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாகிஸ்தானை எல்லை தாண்டி ஓங்கி அடித்தால் இங்கே குண்டு வெடிக்காது என்று வாதிட்டு நம் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் தீவிரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்ற அன்று எனக்கும் ரத்தம் கொதித்தது. அடிக்கத்தான் வேண்டும் என்று நானும் சொன்னேன். ஆனால் நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்கவில்லை.

2016 செப்டம்பரில் காஷ்மீரின் உரி ராணுவ முகாமைத் தீவிரவாதிகள் தாக்கினார்கள். பதினோரு நாளில் நம் வீரர்கள் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிப் போய் அடித்தார்கள். இரண்டரை வருஷத்துக்குள் காஷ்மீரின் புல்வாமாவில் தாக்குதல். 40 சிஆர்பிஎஃப் வீரர்கள் போனார்கள், அதில் இரண்டு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பதிலுக்கு பாகிஸ்தானின் பாலகோட்டில் குண்டு போட்டோம். அப்புறம் ஆறு வருஷம் அமைதிதானே என்பார்கள். 2024 ஜூனில் ஜம்முவின் ரியாசியில் யாத்ரீகர்களின் பேருந்தைச் சுட்டு 9 பேரைக் கொன்றது அந்த ஆறு வருஷத்துக்குள்தான். பஹல்காமுக்குப் பதிலாக 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் என்று பாகிஸ்தானுக்குள் அடித்தோம். அதே வருஷம் நவம்பரில் டெல்லி செங்கோட்டை அருகே கார் வெடித்தது.

புல்வாமாவில் வெடிமருந்து வண்டியை ஓட்டி வந்தவன் அதே மாவட்டத்து இளைஞன். 78 வண்டிகளில் 2,500க்கும் மேற்பட்ட வீரர்கள் போன சாலைக்குள் அந்த வண்டி எப்படி நுழைந்தது? இந்தக் கேள்விக்கு பாலகோட்டில் பதில் கிடைக்காது.

நான் மீனவக் குடும்பத்தவன். 2008இல் மும்பையைத் தாக்க வந்த பத்துத் தீவிரவாதிகளும் 'குபேர்' என்ற மீன்பிடி படகைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். கரையேறியதை அங்கிருந்த மீனவர்கள் பார்த்தார்கள், யார் என்று கேட்கவும் செய்தார்கள். ஆனாலும் தடுக்க ஆளில்லாமல் ஊருக்குள் போய்விட்டார்கள். 166 உயிர்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவனான கசாபை உயிரோடு பிடிக்க முடிந்தது துக்காராம் ஓம்ப்ளே என்ற காவலரால். கையில் லத்தி மட்டும் வைத்துக்கொண்டு, குண்டுகளை உடம்பில் வாங்கியபடி துப்பாக்கியை விடாமல் பிடித்திருந்தார். அவரை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு அடையாள அட்டை, 'சாகர் கவச்' என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை எல்லாம் வந்தன. ஒருமுறை ஒத்திகையில் தீவிரவாதி வேஷத்தில் போலீஸார் பைபர் படகில் வந்தார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் பார்த்த பார்வையிலேயே பிடித்துவிட்டான். கடலிலிருந்து வரும் படகில் வலை காய்ந்து கிடக்கிறது, ஒரு செதில்கூட ஒட்டவில்லை! உடனே கடலோரக் காவலுக்கான 1093 எண்ணுக்குப் போன் போட்டான்.

போர் விமானங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கரைக் காவலுக்கு ஆள் போதுமா, படகு போதுமா என்று கேட்டு நம் இதழில் ஒரு கட்டுரை வர வேண்டும். உங்கள் நிருபரை அனுப்புங்கள். விடிகாலை நாலு மணிக்கு மீன் ஏலக்கூடத்துக்கு வந்தால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

ஒரு வாசகர்,
நாகப்பட்டினம் மாவட்டம்