வறண்ட கிணற்றை நிரம்பி வழிய வைத்த மென்பொருள்: புகார்க் கடிதம்

அனுப்புநர்
கிணற்று நீர்மட்ட அளவீட்டுப் பொறுப்பாளர்,
உழவர் குழு, பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: தங்கள் புள்ளிவிவர வரைபட மென்பொருள் வெற்றுக் கட்டங்களைச் சுழியாக வரைவது – திருத்தமும் பணத்தைத் திரும்பத் தருதலும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் குழு கடந்த நவம்பரில் ஜிஎஸ்டி சேர்த்து ரூ. 21,240 கட்டித் தங்கள் மென்பொருளுக்கு ஓராண்டு உரிமம் வாங்கியது. 42 திறந்தவெளிக் கிணறுகளில் மாதம் ஒருமுறை அளவு நாடாவை இறக்கி, தரைமட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே கிடக்கிறது என்று குறித்து வருகிறோம். அதைப் பார்த்தவுடன் புரியும் வரைபடமாக்கி உழவர்களிடம் காட்ட வேண்டும். இதற்கு மேல் எங்களுக்கு எந்தப் பெரிய ஆசையும் இல்லை.

ஏப்ரலில் ஏழு கிணறுகள் அடியோடு வற்றின. மே மாதம் அது ஒன்பதானது. நோட்டுப் புத்தகத்தில் ‘வறண்டது’ என்று எழுதினோம். அதையே அட்டவணையில் தட்டச்சு செய்தால் தங்கள் மென்பொருள் அந்த நெடுவரிசை முழுவதையும் எழுத்தாகக் கருதி, வரையவே மறுக்கிறது. அதனால் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டோம். வரைபடம் உடனே வந்தது. அழகாகவும் இருந்தது. அதை அப்படியே அச்சிட்டு ஜூலை முதல் வாரக் கூட்டத்தில் சுவரில் ஒட்டினேன்.

பதினேழாம் எண் கிணற்றுக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தின் அருகே போய் நின்றார். “ஏன் தம்பி, சித்திரையிலும் வைகாசியிலும் என் கிணறு வழிந்து ஓடியிருக்கிறதே, என்னிடம் ஒருவரும் சொல்லவில்லையே?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிப்போனது. மார்ச்சில் 14.9 மீட்டரில் கிடந்த கோடு ஏப்ரலில் விருட்டென்று மேலேறித் தரையைத் தொட்டு, மே வரை அங்கேயே நின்று, ஜூனில் 15.2 மீட்டருக்குத் தொப்பென்று விழுந்திருந்தது. அந்தக் கிணற்றின் மொத்த ஆழமே 16 மீட்டர்தான். ஆடு இறங்கி நின்ற கிணற்றைத் தங்கள் மென்பொருள் விளிம்புவரை நிரப்பிவிட்டது.

வேறு சில கணக்குகளில் வெற்றிடத்தைச் சுழியாக எடுத்தால் பெரிய சேதம் இருக்காது. ஆழக் கணக்கில் சுழிக்குத் தனிப் பொருள் உண்டு. சுழி மீட்டர் என்றால் தண்ணீர் தரையோடு தரையாக நிற்கிறது என்று பொருள். இருப்பதிலேயே மோசமான கிணறு இருப்பதிலேயே செழிப்பான கிணறாக மாறிவிடுகிறது. சராசரியும் இதே கதிதான். மே மாதம் தண்ணீர் இருந்த 33 கிணறுகளின் சராசரி ஆழம் 14.2 மீட்டர். ஒன்பது சுழிகளையும் சேர்த்து 42-ஆல் வகுத்துத் தங்கள் மென்பொருள் 11.2 என்று எழுதியது. உண்மையில் அந்த 14.2 கூடக் குறைவு. வற்றிய கிணற்றில் நீர்மட்டம் அடித்தரைக்கும் கீழே போய்விட்டது, எவ்வளவு கீழே என்பதுதான் தெரியாது. கோடை முற்ற முற்ற நீர்மட்டம் உயர்கிறது என்று சொல்லும் இந்த வரைபடத்தைத்தான், ஏரியைத் தூர்வாரக் கேட்டு மறுநாள் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கவிருந்த மனுவோடு இணைத்திருந்தேன். பெரியவர் கண்ணாடி எடுத்து வராமல் இருந்திருந்தால் எங்கள் மனுவுக்கு எங்கள் படமே எதிர்சாட்சி சொல்லியிருக்கும்.

தங்கள் உதவி மையத்துக்கு மூன்று முறை எழுதினேன். முதல் பதிலில் இது “பிழை அல்ல, வடிவமைப்பு” என்றார்கள். இரண்டாவது பதிலில் வெற்றுக் கட்டங்களில் -999 என்று நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன். தண்ணீர் வானத்தில் 999 மீட்டர் உயரத்துக்குப் போனது. அச்சு அதற்கேற்ப நீண்டதில் மீதிக் கிணறுகள் எல்லாம் படத்தின் அடியில் ஒரே கோடாக நசுங்கின. மூன்றாவது கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் என் அக்கா மகள் இதே அட்டவணையை ‘ஆர்’ மென்பொருளில் போட்டுக் காட்டினாள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் 1990-களில் உருவாக்கியது, காசில்லாமல் கிடைப்பது. அதில் இல்லாத மதிப்புக்கென்றே தனிக் குறியீடு இருக்கிறது. கோடு மார்ச்சில் அறுந்து ஜூனில் மறுபடி தொடங்கியது. சராசரி கேட்டால், விடுபட்டவற்றை என்ன செய்வது என்று நாம் சொல்லும்வரை எண்ணே தர மறுத்தது. பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் வரையும் தொகுப்பான மேட்பிளாட்லிப்பும் இத்தகைய இடத்தில் கோட்டை அறுத்தே காட்டுமாம். பணம் வாங்காதவர்களுக்கு இருக்கும் இந்தக் கவனம் தங்களிடம் ஏன் இல்லை?

1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய சிறிது நேரத்தில் வெடித்துச் சிதறியது. கிளம்புவதற்கு முந்தைய இரவு, ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களைக் குளிர் பாதிக்குமா என்று பொறியாளர்கள் விவாதித்தார்கள். அப்போது பார்த்த விவரங்களில் வளையம் சேதமான பயணங்கள் மட்டுமே இருந்தன, சேதமே இல்லாத பயணங்கள் விடுபட்டிருந்தன என்று பின்னர் விசாரணை ஆணையம் சுட்டிக்காட்டியது. அங்கே சுழிகளை வெற்றிடமாக்கினார்கள், தாங்கள் வெற்றிடங்களைச் சுழியாக்குகிறீர்கள். எங்கள் ஊர்க் கிணற்றுக்கு விண்கலத்தை இழுப்பது அதிகம் என்று தோன்றலாம். உதவி மையத்தின் “வடிவமைப்பு” என்ற சொல் என்னை அவ்வளவு தூரம் போக வைத்துவிட்டது.

இன்னும் இரண்டு குறைகள். ஆழ வரைபடத்துக்குத் தங்கள் மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுப்பது வானவில் வண்ணங்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அடர்நீலமும் அடர்சிவப்பும் ஒரே சாம்பல் நிறமாகின்றன. 3 மீட்டர் எது, 17 மீட்டர் எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருள் 2014-லும் மேட்பிளாட்லிப் 2017-லும் இந்த வானவில்லை இயல்புத் தேர்விலிருந்து நீக்கிவிட்டன. அடுத்தது, ‘தமிழில் பெயரிடலாம்’ என்ற தங்கள் விளம்பரம். திரையில் கொளக்காநத்தம் ஒழுங்காகத் தெரிகிறது. பிடிஎஃப் ஆக்கினால் கொம்பு ஒருபுறமும் ககரம் ஒருபுறமும் சிதறி, நடுவே ஒரு புள்ளி வட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வெற்றுக் கட்டத்தை வெறுமையாகவே விடும் திருத்தத்தை 30 நாட்களுக்குள் வெளியிட வேண்டும். உரிமத்தின் மீதிக் காலத்துக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டும். இந்த மென்பொருளில் மழையளவோ நோயாளிகளின் சர்க்கரை அளவோ வரைந்துகொண்டிருக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் இதை மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும். பணத்தைவிட இந்தக் கடைசிக் கோரிக்கைதான் எனக்கு முக்கியம். உரிய பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவோம்.

இப்படிக்கு,
அளவீட்டுப் பொறுப்பாளர்

இணைப்பு: பதினேழாம் எண் கிணற்றின் நோட்டுப் பக்கம், தங்கள் மென்பொருள் வரைந்த படம், மே மாதம் எடுத்த கிணற்றின் புகைப்படம் (ஆடு தெரியும்).