வார்ம் கியரும் குதிரைத்தலையும்

கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்
தை அமாவாசை கழிந்த வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? தம்பிக்கு இருமல் விட்டதா?

போன வாரம் அனுப்பிய சிவப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, இதை எதால் எடுத்தாய், எப்படி எடுத்தாய் என்று கேட்டீர்கள். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே அம்மா வாங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா, காதைக் கட்டிக்கொண்டாயா என்று போய்விடும். அதோடு இது முழுக்க மெஷின் சமாச்சாரம். ஆம்பூர்ப் பட்டறையில் காலமெல்லாம் லேத் முன்னால் நின்ற உங்களுக்கு இதை அவசரமில்லாமல் சொல்ல வேண்டும் என்று ஆசை. அதனால்தான் கடிதம்.

முதலில் படத்தில் இருப்பது என்ன என்று சொல்கிறேன். சிவப்பாய்த் தெரிவது ஹைட்ரஜன் வாயு. அதன் நடுவே கறுப்பாய், கழுத்தை வளைத்த குதிரை மாதிரி நிற்கிறதே, அது ஓட்டை இல்லை, தூசி மேகம். பின்னால் ஒளிரும் வாயுவை மறைத்துக்கொண்டு நிற்கிறது. குதிரைத்தலை நெபுலா என்று பெயர். நம்மிடமிருந்து 1,300 ஒளியாண்டுக்கும் மேல் தூரம். அம்மாவுக்குத் திருவாதிரை நட்சத்திரம் தெரியும். அதற்குப் பக்கத்தில் வரிசையாய் மூன்று நட்சத்திரம் இருக்கும், கிழக்கே எழும்போது மூன்றில் கடைசியாய் வருவது அல்நிதாக். அதற்குத் தெற்கே அரைப் பாகை, அதாவது ஒரு முழு நிலா அகலம் தள்ளி, இந்தக் குதிரை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. என்னுடைய சின்னத் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. கேமரா மட்டும்தான் பார்க்கும், அதுவும் மெல்ல மெல்ல.

பாஸ்டன் பக்கம் விளக்கு வெளிச்சம் அதிகம். அதனால் அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமைகளில், கூட வேலை செய்யும் பெண்ணின் காரில் மேற்கே குவாபின் நீர்த்தேக்கத்தைத் தாண்டிப் போவோம். அவள் அண்ணனுக்கு அங்கே பண்ணை இருக்கிறது. அமாவாசை இருட்டில் எங்கேயும் போகாதே என்று அம்மா சொல்வது நினைவிருக்கிறது. நான் தனியாய்ப் போவதில்லை என்று சொல்லுங்கள். பாஸ்டன் குடிக்கும் தண்ணீர் இந்தக் குவாபினிலிருந்துதான் வருகிறது. அதைக் கட்டுவதற்காக நான்கு ஊர்களைக் காலி செய்து, 1938-இல் அந்தப் பெயர்களையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேட்டூர் அணைக்குள் போன ஊர்களைப் பற்றி நீங்கள் சொல்வீர்களே, அதே கதைதான். ஆளில்லாத காடும் தண்ணீருமாய்க் கிடப்பதால் அங்கே வானம் இருட்டாய் இருக்கிறது.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 12, 15 போகும். பனி காலுக்கடியில் நறநறக்கும். உங்களுக்கு அது கஷ்டமாய்த் தோன்றும், ஆனால் இந்த வேலைக்குக் குளிர் நல்லது. சென்சார் சூடானால் அதற்குள்ளேயே இரைச்சல், அதாவது படத்தில் புள்ளி புள்ளியாய் விழும் குறை, பெருகும், 6 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இங்கே இயற்கையே குளிரூட்டித் தருகிறது. பேட்டரிதான் சீக்கிரம் படுத்துவிடும், அதனால் மாற்றுப் பேட்டரிகளைக் கோட்டின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருப்பேன். பிளாஸ்கில் சுக்குக் காபி உண்டு.

இனி மெஷினுக்கு வருகிறேன். தொலைநோக்கி சின்னது, 51 மில்லிமீட்டர் வில்லை, 250 மில்லிமீட்டர் குவிய நீளம். பின்னால் பழைய கேனான் கேமரா. ஹைட்ரஜனின் சிவப்பு 656 நானோமீட்டரில் வருகிறது. சாதாரணக் கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் அந்தச் சிவப்பில் பெரும்பகுதியை வெட்டிவிடும். அந்த ஃபில்டரை எடுத்துவிட்ட கேமராவாய்ப் பார்த்து செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டையும் தாங்குவது மவுண்ட். அதன் ஓர் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப் போனீர்களே, அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியின் அச்சு கிட்டத்தட்ட படுத்தே கிடந்ததையும், ஏன் என்று நீங்கள் தரையில் கோடு போட்டுக் காட்டியதையும் நான் மறக்கவில்லை. அங்கே அட்சரேகை 12 பாகை சொச்சம், இங்கே 42. துருவ நட்சத்திரம் அந்த உயரத்தில் நிற்கிறது, அச்சும் அதே அளவு நிமிர்ந்து நிற்க வேண்டும். துருவ நட்சத்திரமும் சரியாகத் துருவத்தில் இல்லை, முக்கால் பாகைக்குக் கொஞ்சம் குறைவாய்த் தள்ளியிருக்கிறது. அச்சுக்குள் இருக்கும் குட்டிக் குழலில் கண்ணை வைத்து, அந்த நேரத்துக்கு அது எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அங்கே நிறுத்த வேண்டும். இதற்கு முழங்காலைப் பனியில் ஊன்றத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

அச்சைச் சுற்றுவது ஒரு மோட்டார். அது வார்ம் என்ற திருகுத் தண்டைச் சுற்றும், வார்ம் 144 பல் உள்ள சக்கரத்தைச் சுற்றும். நட்சத்திரக் கணக்கில் பூமி ஒரு சுற்றுக்கு எடுப்பது 23 மணி 56 நிமிடம். 144-ஆல் வகுத்துப் பாருங்கள், வார்ம் ஒரு சுற்றுக்கு 10 நிமிடம் வருகிறது. இந்த வார்ம் உங்கள் கையில் கடைந்தது இல்லை அப்பா, மலிவு மவுண்டின் வார்ம். அதில் ரன்-அவுட் இருக்கிறது, சுற்றும்போது மையம் விலகி ஆடுகிறது. 10 நிமிடத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும்.

எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. டயல் கேஜ் இல்லை, ஆனால் நட்சத்திரம் இருக்கிறது. அச்சை வேண்டுமென்றே துருவத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்து, கேமராவை 20 நிமிடம் திறந்தே விட்டேன். விலகிய அச்சால் நட்சத்திரம் வடக்கு தெற்காய்க் கோடு இழுத்தது. கோடு நேராக வரவில்லை, கிழக்கும் மேற்குமாய் நெளிந்து சரியாக இரண்டு அலை போட்டிருந்தது. அலையின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 40 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை). நிலாவின் அகலம் 1,800 விகலை என்றால் இது எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஆனால் என் கேமராவில் ஒரு பிக்சல் மூன்றரை விகலைதான்.

காசு உள்ளவர்கள் இதற்கு ஆட்டோகைடர் வைத்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு சின்னக் குழலும் கேமராவும் ஒரு நட்சத்திரத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது நகர்ந்தால் உடனே மோட்டாரைத் திருத்தும். என் மவுண்டில் அந்தக் கம்பியைச் செருகவே இடமில்லை. மாற்ற வேண்டுமென்றால் மவுண்டையே மாற்ற வேண்டும். வாடகையும் வீட்டுக்கு அனுப்புவதும் போக அதற்கு இப்போது இடமில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஏனென்றால் அலையைப் பார்த்ததும் வழி தெரிந்துவிட்டது. அலை உச்சியில் திரும்பும் இடத்தில் பிழை கிட்டத்தட்ட நிற்கிறது. நடுவில் கடக்கும் இடத்தில்தான் வேகம், வினாடிக்கு 0.2 விகலை. ஒரு நிமிடம் திறந்து வைத்தால் மோசமான இடத்தில் நட்சத்திரம் மூன்று நான்கு பிக்சல் இழுபட்டு முட்டையாகும். 30 வினாடி என்றால் இரண்டு பிக்சலுக்குள் அடங்கும். அதனால் 30 வினாடிப் படங்களாய் எடுப்பது என்று முடிவு செய்தேன். 10 நிமிடச் சுற்றில் 20 படம் வரும். அதில் வேகமாய்க் கடக்கும் இரண்டு இடங்களில் விழுந்தவற்றைப் பார்த்துக் கழித்துவிடுவேன், மீதியெல்லாம் வட்டமான நட்சத்திரம். இதைவிடக் குறைத்தால் கேமராவின் சொந்த இரைச்சல் மேலே வந்துவிடும், அதனால் 30-தான் எல்லை.

எடையைச் சமன் செய்யும்போதும் ஒரு சூட்சுமம் இருக்கிறது, உங்களுக்கு உடனே பிடிபடும். துல்லியமாய்ச் சமன் வைத்தால் வார்முக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் பல் இங்கும் அங்கும் ஆடும். கிழக்குப் பக்கம் கொஞ்சம் கனமாய் விட்டால் பல் எப்போதும் ஒரே பக்கம் அழுந்திக் கிடக்கும், பேக்லாஷ் தொல்லை இல்லை.

ஃபோகஸ் செய்வதைத்தான் நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். வில்லைக்கு முன்னால் கோடு கோடாய் வெட்டிய ஒரு மூடி போடுகிறேன், பாக்டினோவ் மூடி என்பார்கள். பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்தால் மூன்று கதிர் தெரியும். இரண்டு கதிர் குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்கும், மூன்றாவது அவற்றுக்கு நடுவே நகரும். வளையத்தை மயிரிழை திருப்பினால் மூன்றாவது இந்தப் பக்கம், இன்னொரு மயிரிழையில் அந்தப் பக்கம். சரியாய் நடுவில் உட்கார்ந்ததும் திருகை இறுக்கிவிடுவேன். இறுக்கும்போது ஒரு தடவை நகரும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டே இறுக்க வேண்டும். குளிர் கூடக் கூடக் குழாய் சுருங்கும், நடுராத்திரியில் மறுபடி பார்ப்பேன்.

ஆட்டோகைடர் இல்லாததால் செய்ய வேண்டிய இன்னொரு வேலையும் உண்டு. அச்சு எவ்வளவு சரியாய் இருந்தாலும் படம் மணிக்கணக்கில் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாய் நகரும். சென்சாரின் குறைகள் அந்தத் திசையிலேயே சாய்ந்த கோடுகளாய்ப் பதிந்துவிடும். எத்தனை படம் சேர்த்தாலும் போகாது. அதைக் கலைக்க, சில நிமிடத்துக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றி, திருகைத் தொட்டு, தொலைநோக்கியைக் கொஞ்சம் இப்படி, அடுத்த முறை கொஞ்சம் அப்படி நகர்த்துவேன். தூங்க முடியாது. ஆனாலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வொரு தொடுதலுக்கும் மெஷின் என்ன செய்கிறது என்று விரலுக்குத் தெரிகிறது.

பொழுது விடிந்ததும் நீங்கள் கொடுத்துவிட்ட எட்டு முழ வேட்டியை இரண்டாய் மடித்து, சுருக்கமில்லாமல் வில்லை மேல் இழுத்துக் கட்டி, வெளுத்த வானத்தைப் படம் எடுக்கிறேன். வில்லையின் ஓர இருட்டும் தூசியின் நிழலும் அதில் தனியாய்ப் பதியும், பிறகு கணினியில் வகுத்து நீக்கிவிடலாம். கடையில் இதற்கென்று விளக்குப் பலகை விற்கிறார்கள். வேட்டி அதைவிட மோசமில்லை.

அப்புறம் கணினி. எல்லாப் படத்தையும் நட்சத்திரத்தோடு நட்சத்திரம் பொருத்தி ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்க வேண்டும். சிரில் என்ற இலவச மென்பொருள் போதும். தனிப் படத்தில் அல்நிதாக் மட்டும் பளிச்சென்று இருக்கும், மற்றதெல்லாம் புள்ளி இரைச்சல். 9 படம் சேர்த்தால் படம் 3 மடங்கு தெளியும், 100 சேர்த்தால் 10 மடங்கு, வர்க்கமூலக் கணக்கு. முதலில் அல்நிதாக்கின் பக்கத்தில் இருக்கும் தீக்கொழுந்து நெபுலா வந்தது. சில நூறு படம் ஆனதும் சிவப்புத் திரை எழுந்தது, அதில் கறுப்பாய் ஒரு பள்ளம். முழுப் படத்தில் அந்தக் குதிரை நூறு பிக்சல் அகலம்தான். ஆனால் பிடரியும் தாடையும் தெரிந்தபோது நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், அறைத்தோழி எழுந்து வந்துவிட்டாள்.

இந்தக் குதிரையை முதலில் கண்டவர் இதே ஊரில், நான் தினமும் வேலைக்குப் போகும் கார்டன் தெருவில் இருந்தவர் என்பது உங்களுக்குப் பிடிக்கும். வில்லியமினா ஃபிளெமிங். ஸ்காட்லாந்தில் டண்டீயில் பிறந்து 1878-இல் இங்கே குடியேறியவர். கர்ப்பமாய் இருக்கும்போது கணவன் விட்டுப் போய்விட்டான். ஹார்வர்ட் வானாய்வகத்தின் இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங் வீட்டில் பணிப்பெண்ணாய்ச் சேர்ந்தார். பிறகு ஆய்வகத்திலேயே கண்ணாடித் தகடுகளைப் பார்க்கும் வேலை. 8 அங்குலத் தொலைநோக்கியில் 90 நிமிடம் திறந்து வைத்து 1888-இல் எடுத்த ஒரு தகட்டில், அல்நிதாக்குக்குத் தெற்கே அரை வட்டமாய் ஒரு வெட்டு இருப்பதைக் கவனித்துக் குறித்து வைத்தவர் இவர். ஆனால் 1895-இல் வந்த நெபுலாப் பட்டியலில் பிக்கரிங் என்று மட்டும் போட்டுவிட்டார்கள். 1908-இல் வந்த அடுத்த பட்டியலில்தான் அவருக்குரியது அவருக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் மோட்டார் ஏது? எடை தொங்கும் கடிகார இயந்திரம் தொலைநோக்கியைச் சுற்றும். பிசகினால் ஆள் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். ஊர் விட்டு வந்த ஒரு பெண் தகட்டைக் குனிந்து பார்த்து, யாரும் காணாத ஒன்றைக் கண்டிருக்கிறார். ஆய்வகத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மே மாதம் ஊருக்கு வருகிறேன். அப்போது இந்தக் குதிரை இருக்கும் ஓரியன் கூட்டம் மேற்கே இறங்கியிருக்கும், ஆனால் விருச்சிகம் எழும். அதன் சிவப்பு நட்சத்திரம், நம் கேட்டை, இங்கே தெற்கே 21 பாகைக்கு மேல் ஏறாது. ஆலங்காயத்தில் 51 பாகை. மவுண்டின் தலையை மட்டும் பெட்டியில் கொண்டுவருகிறேன். நீங்கள் அதைக் கழற்றி வார்மில் பர், அதாவது பிசிர், இருக்கிறதா, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் கிரீஸ் குளிரில் இறுகுகிறது, நல்ல கிரீஸ் இங்கேயே வாங்கி வருகிறேன். உங்கள் டயல் கேஜை அதுவரை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

இன்னொரு உதவி. நம் மொட்டை மாடியில் நின்று நேர் வடக்கே பாருங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் உயரம் 10 பாகை. அதற்கு மேல் ஒரு விரல் வைத்தால் துருவ நட்சத்திரம் நிற்கும் இடம். அங்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ தென்னையோ மறைக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். மறைத்தால் முக்காலியைப் படிக்கட்டு அறையின் மேலே ஏற்றலாம். தம்பியை வைத்து இரும்பு ஏணியைச் சரி பண்ணிவிடுங்கள்.

அம்மாவிடம் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்