ஒன்றிப்பு உரையாடல் குழுக்களுக்கு: சாட்சிகளையும் எழுதி வையுங்கள்

அன்புள்ள இறையியலாளர்களே, ஆயர்களே,

சபைகள் ஒன்றோடொன்று நடத்தும் உரையாடல்களின் அறிக்கைகளை விடாமல் வாசிப்பவன் நான். ஞானஸ்நானம், நற்கருணை, ஊழியம் பற்றி 1982-ல் வந்த லீமா ஆவணத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. காலை ஜெபத்தில் ஒருவரைத் தன் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல வைக்கிறீர்கள், கண் கலங்கக் கேட்கிறீர்கள், அப்புறம் "சரி, வேலைக்கு வருவோம்" என்று கோப்பைத் திறக்கிறீர்கள். அந்தச் சாட்சியே வேலைதான் ஐயா!

அப்போஸ்தலர் 15-ஐத் திரும்ப வாசியுங்கள். விருத்தசேதனம் வேண்டுமா வேண்டாமா என்று அவ்வளவு வாக்குவாதம். பேதுரு எழுந்து, புறஜாதியாருக்கும் தேவன் ஆவியைக் கொடுத்ததைச் சொன்னார். பர்னபாவும் பவுலும் தங்கள் ஊழியத்தில் நடந்ததைச் சொல்லச் சொல்ல, கூட்டம் முழுவதும் வாய் திறக்காமல் கேட்டது. யாக்கோபு வேதவசனத்தை எடுத்தது அதற்குப் பிறகுதான்.

கதை பகையையும் வளர்க்கும், எங்கள் இரத்தசாட்சிகள் உங்கள் ஆட்களின் கையால் செத்தவர்கள் என்று சொல்லியே நூற்றாண்டுகள் ஓடியிருக்கின்றன என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் அந்தக் கதையை மற்றவர் எதிரில் வைத்துச் சொல்ல வேண்டும். லூத்தரன் சபைகளின் அடிப்படை விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 450-ஆம் ஆண்டு விழா 1980-ல் வந்தபோது, எங்கள் முன்னோரைக் கண்டித்த அறிக்கையை நாங்கள் எப்படிக் கொண்டாடுவது என்று மெனோனைட்டுகள் கேட்டார்கள். 16-ஆம் நூற்றாண்டில் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காததால் நீரில் அமிழ்த்தியும் எரித்தும் கொல்லப்பட்ட அனபாப்டிஸ்டுகளின் வழிவந்தவர்கள் அவர்கள். பிற்பாடு லூத்தரன், மெனோனைட் என இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உட்கார்ந்து அந்த வரலாற்றை ஒரே கதையாக எழுதினார்கள்; இருவரும் ஒப்புக்கொள்ளும்படி ஒவ்வொரு வரியையும் எழுதுவது எவ்வளவு வலித்திருக்கும்! 2010 ஜூலையில் ஸ்டுட்கார்ட்டில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பின் பேராளர்கள் பலர் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். மெனோனைட்டுகள் அவர்களுக்குக் கொடுத்தது கால் கழுவும் மரத்தொட்டி ஒன்று.

2007-ல் கென்யாவின் லிமுருவில் கூடிய உலகக் கிறிஸ்தவ மன்றத்திலும் (Global Christian Forum) பெந்தெகொஸ்தேயினரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் முதலில் பகிர்ந்துகொண்டது அவரவர் விசுவாசப் பயணத்தைத்தான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த உரையாடலுக்கு ஆயர்களும் பேராசிரியர்களும் மட்டும் வர வேண்டாம். வேறு சபையில் மணமுடித்து, ஞாயிறுதோறும் கணவனோ மனைவியோ திருவிருந்துக்குப் போக, தான் வேறு சபை என்பதால் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பவர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் சொன்னதைப் பின்னிணைப்பில் தள்ளிவிடாமல் அறிக்கைக்குள்ளேயே எழுதுங்கள். அதைக் கேட்ட பிறகு உங்கள் வரைவில் எந்த வரி மாறியது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.