தானம் கொடுத்தவர் மீது பழி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரத்தப் புற்றுநோய்க்கான ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணு) மாற்று சிகிச்சை பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை பயனுள்ளது. எனினும், செலுத்தப்பட்ட அணுக்கள் சிலரின் உடலில் ஒட்டி வளராமல் போவதை அது ஒரே வரியில் கடந்துவிட்டது. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறங்களில் குடும்பங்களுக்குள் மனக்கசப்பை வளர்ப்பது அந்த விஷயம்தான். அண்ணனுக்குத் தம்பி கொடுத்தது ஒட்டவில்லை என்று தெரிந்தவுடன், அவன் குடிப்பவன் என்றும் அரை மனதோடு கொடுத்தான் என்றும் சாப்பாட்டுக் கடை வரை பேச்சு போய்விடுகிறது.

தோட்ட மருத்துவமனையில் டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். தானம் கொடுப்பவரைப் பரிசோதித்து, தகுதியானவர் என்று உறுதி செய்த பிறகே அணுக்களை எடுக்கிறார்கள். அவை ஒட்டிவிட்டன என்று சொல்ல, பொதுவாகச் செலுத்திய 28 நாள்களுக்குள் நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500 என்ற அளவை எட்டி, தொடர்ந்து மூன்று நாள் அதற்குக் குறையாமல் நிற்க வேண்டும். அவ்வாறு நிற்காவிட்டால், அல்லது ஒருமுறை ஒட்டிய அணுக்கள் பின்னர் அழிந்துவிட்டால், அதற்கான காரணம் பெரும்பாலும் பெறுபவரின் உடலிலோ இருவருக்கும் இடையிலான எச்எல்ஏ (அணுக்களின் மேலுள்ள அடையாளப் புரதங்கள்) வேறுபாட்டிலோதான் இருக்கும். கிடைத்த அணுக்களின் அளவு குறைவாக இருப்பதும் ஒரு காரணம்தான். அதுவும் கொடுத்தவரின் மனத்தைப் பொறுத்ததன்று.

முன்பு பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடலில் அந்நிய எச்எல்ஏவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கலாம். கருவுற்ற காலத்தில் தாயின் உடலிலும் அவ்வாறே நேரலாம். எனவே பாதிப் பொருத்தத்துடன் தாய்க்கு மகன் கொடுக்க முன்வரும்போது, அவனைச் சுமந்த காலத்தில் உருவான எதிர்ப்பொருளே அவன் கொடுக்கும் அணுக்களை அழிக்கக்கூடும். பாசம் குறைந்ததால் ஒட்டவில்லை என்பவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். இந்த எதிர்ப்பொருளை முன்கூட்டியே ரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம். கண்டால் வேறொருவரைத் தேடலாம், அல்லது சிகிச்சையால் அதன் அளவைக் குறைத்த பிறகு மாற்று சிகிச்சையைத் தொடங்கலாம். குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்பதே.

ஒருமுறை தோற்றால் இரண்டாம் முறை செய்ய வேண்டி வரலாம்; அதற்கு வேறு கொடையாளர் தேவைப்படலாம். உடன்பிறந்த ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 25 விழுக்காடுதான். எச்எல்ஏ வகைகள் வம்சாவளியை ஒட்டி அமைவதால், மலேசிய ஸ்டெம் செல் பதிவேட்டில் நம் இளைஞர்கள் கூடுதலாகப் பதிந்தால் நம் நோயாளிகளுக்குப் பொருத்தம் கிடைப்பது எளிதாகும். கோயில் திருவிழாக்களில் ரத்த தான முகாம் நடத்தும் நம் இயக்கங்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ரத்தவியல் நிபுணர் ஒருவரைக் கொண்டு இது குறித்து விரிவான கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிரசர்,
சுங்கை சிப்புட், பேராக்.